நோர்வூட் கொழுந்தின் ருசி ஜப்பானுக்குத் தெரியும்

ஜப்பானின் ரயில் நிலையங்களில் காசு போட்டதும் போத்தலைத் தள்ளிவிடும் தானியங்கிப் பெட்டிகள் வரிசையாக நிற்கும். பலவற்றில் ஒரு தேநீர்ப் போத்தலைப் பார்க்கலாம். கிரின் நிறுவனத்தின் 'கோகோ நோ கோச்சா'. 1986இல் கடைக்கு வந்த இந்தப் பானத்தின் பால் சேராத வகைக்கு இலங்கை மலையகத்தின் திம்புள்ளப் பிரதேசத் தேயிலை சேர்க்கப்படுவதாக அந்த நிறுவனம் ஊரின் பெயரைச் சொல்லியே விளம்பரம் செய்கிறது. டோக்கியோவில் ரயிலுக்கு நிற்கும் ஒருவருக்குத் திம்புள்ள என்பது ஒரு ருசியின் பெயர்.

அதே கிரின் குழுமத்துக்கு ஃபூஜி மலையின் அடிவாரத்தில் கோதெம்பா என்ற ஊரில் ஒரு விஸ்கி வடிசாலையும் இருக்கிறது. 1973இல் தொடங்கியது. மால்ட் விஸ்கியோடு, மக்காச்சோளம் போன்ற தானியங்களிலிருந்து 'கிரெயின் விஸ்கி'யும் அங்கே வடிக்கிறார்கள். 2020இல் அந்தக் கிரெயின் விஸ்கியை வேறெதனுடனும் கலக்காமல், 'ஃபூஜி' என்ற பெயரிலேயே ஜப்பானியச் சந்தைக்குக் கொண்டுவந்தார்கள்.

மக்காச்சோளச் சாராயத்துக்கும் மலையகக் கொழுந்துக்கும் என்ன தொடர்பு? இரண்டுமே நெடுங்காலம் கலவைக்குள் பெயரில்லாமல் கிடந்தவை. ஒன்று தன் பெயரை மீட்டுக்கொண்டது. மற்றது இன்னும் பாதி வழியில் நிற்கிறது.

விஸ்கியில் மால்ட்டுக்குத்தான் எப்போதும் மரியாதை. முளைகட்டிய பார்லியை மட்டும் வைத்துச் செம்புப் பானையில் தவணை தவணையாக வடிப்பது அது. கிரெயின் விஸ்கியை உயரமான கோபுர வடிகலத்தில் இடைவிடாமல் வடிக்கலாம். 1830இல் அயர்லாந்துக்காரரான ஏனியாஸ் கொஃபி உரிமம் பெற்ற கருவி அதற்கு வழி திறந்தது. செலவு குறைவு, சாராயம் லேசு. ஆகவே காரமான மால்ட்டை மென்மையாக்கும் துணையாக மட்டுமே அதைப் பாவித்தார்கள். போத்தலின் முகப்பில் அதற்கு இடம் கிடைக்கவில்லை.

ஜப்பானியர் அந்த லேசான தன்மையையே ஒரு குணமாகப் பார்த்தார்கள். ஸ்கொட்லாந்துக்குப் போய் விஸ்கி வடிப்பைக் கற்றுவந்த மசதாகா தகெட்சுரு தொடங்கிய நிக்கா நிறுவனம், 1963இல் ஸ்கொட்லாந்திலிருந்து கொஃபி வடிகலத்தை வரவழைத்தது. அதைவிடத் திறமையான புதிய கருவிகள் அப்போதே சந்தையில் இருந்தன. பழைய கருவியில் தானியத்தின் வாசம் முழுதாகக் கழன்றுபோகாமல் தங்குகிறது என்பதற்காகவே தகெட்சுரு அதைத் தேர்ந்தார். 2012இல் நிக்காவின் 'கொஃபி கிரெயின்', 2015இல் சன்டோரியின் 'சிட்டா' எனத் தனிப் பெயரில் போத்தல்கள் வந்தன. சிட்டா வடிசாலை இயங்குவது 1972 முதல். நாற்பது ஆண்டுக்கு மேல் கலவைக்கு ஊழியம் செய்துவிட்டு அது தன் பெயரில் ஜப்பான் எங்கும் அறிமுகமானது.

மதுவால் சிதைந்த குடும்பங்களைத் தோட்டத்து வரிசை வீடுகளான லயங்கள்தோறும் பார்த்த மலையகத்துக்கு விஸ்கியின் புகழைப் பாட வேண்டிய தேவை எதுவும் இல்லை. ஜப்பானியர் அதைச் சுவைக்கும் விதம்தான் இங்கே எடுத்துக்கொள்ளத்தக்கது. கலவையாளர்கள் விஸ்கியைக் குடித்துப் பார்ப்பதைவிட முகர்ந்து பார்ப்பதே அதிகம். தண்ணீர் சேர்த்து மதுச்சத்தை ஏறத்தாழ 20 சதவீதத்துக்கு இறக்குவார்கள். எரிச்சல் அடங்கியதும் வாசங்கள் ஒவ்வொன்றாக மேலே வரும். லேசான ஒரு பானத்துக்குள் இவ்வளவு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள மூக்கும் பொறுமையும் போதும். அந்தப் பொறுமையை ஒரு கோப்பைச் சாயத்தண்ணிக்கும் கொடுக்கலாம் என்பதே இந்தக் கட்டுரையின் வழக்கு.

அந்தக் கோப்பைக்கான கொழுந்து வளரும் ஊர் நோர்வூட். ஹட்டனிலிருந்து டிக்கோயா வழியாக வரும் வீதி அங்கே பிரிகிறது. ஒரு கிளை மஸ்கெலியாவுக்கு, மற்றொன்று பொகவந்தலாவைக்கு. டவுனை ஒட்டி ஓடும் கெசல்கமு ஓயா கீழே காசல்ரீ நீர்த்தேக்கத்தில் சேர்கிறது. வெளியூரார் பலருக்கு இந்த ஊரின் பெயர் 2017 மே 12 அன்றுதான் காதில் விழுந்திருக்கும். இந்தியப் பிரதமர் நரேந்திர மோடி இங்குள்ள மைதானத்தில் மலையகத் தமிழர் முன் பேசிய நாள் அது. தேயிலைக்காரர்களுக்கோ இது திம்புள்ளப் பிரதேசத்தின் ஒரு மூலை. சுற்றிலும் ஏறத்தாழ 1,100 மீட்டருக்கு மேல் ஏறிப்போகும் மலைகள்.

உயரம் வெறும் அழகுக்கு மட்டும் உதவுவதில்லை. குளிரில் கொழுந்து மெதுவாக வளர்கிறது. மெதுவாக வளரும் இலையில் வாசத்துக்குரிய சேர்மங்கள் செறிவாகின்றன. தென்மேற்குப் பருவமழை மே மாதத்திலிருந்து மேற்குச் சரிவுகளை நனைத்துத் தள்ளும்போது இலை பெருகும், ருசி நீர்த்துவிடும். தைப்பொங்கலை ஒட்டி மழை விலகி, பகலில் வெயிலும் இரவில் கடுங்குளிரும் வறண்ட காற்றுமாக மாறியதும் செடிக்கு நெருக்கடி. கொழுந்து குறைகிறது, வாசம் ஏறுகிறது. ஜனவரி முதல் மார்ச் வரையிலான இந்த நாட்களே திம்புள்ளயின் தரப் பருவம். மலைத்தொடரின் மறுபக்கமான ஊவாவுக்கு ஜூலை முதல் செப்டெம்பர் வரை வரும் கச்சான் காற்றே அதே வேலையைச் செய்கிறது. ஒரே தீவில் சில பத்துக் கிலோமீற்றர் இடைவெளியில் இரு சுவைக் காலங்கள்.

இலை மலையில் பாதி ருசியைத்தான் சேர்த்துக்கொள்கிறது. மீதி, தோட்டத்தார் 'ஸ்டோர்' என்று சொல்லும் தொழிற்சாலையில் ஓர் இரவுக்குள் முடிவாகிறது.

பின்னேரம் நிறுத்து எடுத்த கொழுந்து மேல்மாடியில் நீண்ட தொட்டிகளில் பரப்பப்படும். அடியிலிருந்து விசிறிகள் காற்றை ஊதும். 12 மணி நேரமோ அதற்கு மேலோ வாடினால் இலை தோல்போலத் துவண்டு, கையில் பிடித்தால் நொறுங்காமல் சுருளும். வாட்டம் குறைந்தால் சாயம் பச்சையாக வெட்டும். மிஞ்சினால் உயிரில்லாமல் போகும். விடியும் முன் ரோலர்கள் சுழலத் தொடங்கும். நசுங்கிய இலையின் சாறு காற்றைத் தொட்ட கணத்தில், ஆப்பிள் துண்டு நறுக்கியதும் பழுப்பதைப்போல, இலை நிறம் மாறத் தொடங்கிவிடும். பச்சை இலையில் நிறமின்றி இருந்த கட்டெக்கின்கள் நொதியின் வேலையால் இரு வகைப் பொருட்களாக மாறுகின்றன. தியாஃபிளேவின் சாயத்துக்குப் பளபளப்பும் நாக்கில் சுறுக்கென்ற உணர்வும் தருவது. தியாருபிஜின் செம்பழுப்பு நிறமும் கனமும் தருவது. நேரம் போகப்போக முதலாவது குறையும், இரண்டாவது கூடும். எந்தக் கணத்தில் இலையைச் சூட்டடுப்புக்கு அனுப்பி இந்த மாற்றத்தை நிறுத்துவது என்பது டீமேக்கரின் மூக்கு சொல்லும் முடிவு. பச்சை வாடை போய், பழ வாசம் போன்ற ஒன்று எழும். அதை விட்டுவிட்டால் பின்னால் எந்த இயந்திரத்தாலும் திருப்பிக் கொண்டுவர முடியாது. சுமார் 20 நிமிடம் சூடான காற்றில் உலர்ந்து, ஈரம் 3 சதவீத அளவுக்கு இறங்கியதும் இலை கறுத்து வெளியே வருகிறது. நாலரை கிலோவுக்கு மேற்பட்ட பச்சைக் கொழுந்து ஒரு கிலோ தேயிலையாகச் சுருங்கியிருக்கும்.

உலகின் பெரும் பகுதி, இலையை வெட்டிக் கிழித்துக் குருணையாகச் சுருட்டும் சிடிசி முறைக்கு மாறிவிட்டது. சாயம் சட்டென்று இறங்கும், பால் டீக்கும் பைத் தேநீருக்கும் தோதானது. இலங்கை இன்னும் பெருமளவு பழைய ரோலர் முறையிலேயே நிற்கிறது. கொஃபி வடிகலத்தைக் கைவிடாத தகெட்சுருவின் காரணமேதான் இங்கும். மெதுவான கருவி வாசத்தைக் காப்பாற்றுகிறது.

காலையில் முந்தைய இரவின் தேயிலையை ருசி பார்ப்பது தோட்டத் தொழிற்சாலைகளின் நித்திய கடமை. கொழும்பில் தரகர்களின் அறைகளில் அதே சடங்கு இன்னும் பெரிய அளவில் நடக்கும். நீண்ட மேசை, வடக்கு வெளிச்சம் விழும் ஜன்னல், வரிசையாக வெள்ளைக் கோப்பைகள். பல்வரிசைபோல் விளிம்பு வெட்டிய மூடிபோட்ட சிறு பீங்கான் குவளைகளில் தேயிலையை நிறுத்துப் போட்டு, கொதிக்கும் தண்ணீர் ஊற்றி, மணியடிக்கும் வரை காத்திருப்பார்கள். இதற்கு அனைத்துலகத் தர நிறுவனம் 1980இல் ஒரு விதியே எழுதியது. 100 மில்லிலீற்றர் தண்ணீருக்கு 2 கிராம் தேயிலை, 6 நிமிடம். ருசியாகக் குடிப்பதற்குச் சொன்ன அளவாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆறு நிமிடத்தில் நல்ல தேயிலையின் நல்லதும் கெட்ட தேயிலையின் கெட்டதும் ஒளியாமல் வெளியே வந்துவிடும். எல்லாக் கோப்பையும் ஒரே நிபந்தனையில் நிற்கும். அதுதான் நோக்கம்.

ருசிபார்ப்பவர் மூன்று பொருட்களைப் பார்க்கிறார். முதலில் உலர்ந்த இலை: கருமையாக, ஒரே அளவாக, நார் தண்டு கலவாமல் இருக்கிறதா? அடுத்தது ஊறிய இலை. குவளையைக் கவிழ்த்து மூடியின் மேல் தட்டி வைப்பார்கள். புதுச் செம்புக்காசின் நிறத்தில் மின்னினால் தொழிற்சாலை நன்றாக வேலை செய்திருக்கிறது. பச்சை தெரிந்தால் அவசரப்பட்டிருக்கிறார்கள். மங்கிக் கறுத்தால் நேரம் கடந்துவிட்டது. சாயத்தைத் தொடும் முன்பே இந்த ஈர இலையில் மூக்கை வைப்பவர்கள்தான் தேர்ந்தவர்கள். புகை வாடை, கருகல், ஈரச் சாக்கு நாற்றம் எல்லாம் இங்கேயே பிடிபடும்.

மூன்றாவதுதான் சாயம். கரண்டியில் அள்ளி, காற்றையும் சேர்த்துச் சத்தமாக உறிஞ்ச வேண்டும். வீட்டில் பிள்ளைகள் இப்படி உறிஞ்சினால் அம்மா அதட்டுவார். ருசி மேசையில் சத்தம் வராவிட்டால்தான் தவறு. உறிஞ்சும் வேகத்தில் சாயம் துளித்துளியாகத் தூவப்பட்டு, வாசம் தொண்டையின் பின்வழியாக மூக்குக்கு ஏறுகிறது. நாக்குக்குத் தெரிந்தவை இனிப்பு, கசப்பு, புளிப்பு, உவர்ப்பு முதலிய சில சுவைகள்தான். மல்லிகையோ எலுமிச்சையோ தேனோ நினைவுக்கு வந்தால் அது மூக்கின் வேலை. வாயில் ஒரு சுற்றுச் சுற்றவிட்டு எச்சில் பாத்திரத்தில் துப்பிவிடுவார்கள். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான கோப்பைகளைக் கடக்க வேண்டியவருக்கு விழுங்கிக் கட்டுப்படியாகாது.

புதியவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று உண்டு. கசப்பும் துவர்ப்பும் ஒன்றல்ல. கசப்பு நாக்கின் சுவை. துவர்ப்பு வாய் முழுதும் உணரும் ஒரு தொடுகை. தேயிலையின் பாலிஃபினோல்கள் எச்சிலில் உள்ள புரதத்தைப் பிடித்துக்கொள்வதால் ஈறும் கன்னத்தின் உட்புறமும் இழுத்துப் பிடித்ததுபோல் ஆகும். இளம் வாழைக்காயைக் கடித்தவருக்கும் நாவற்பழம் தின்றவருக்கும் இது புதிதல்ல. திம்புள்ளத் தேயிலையின் சிறப்பே இந்தத் துவர்ப்பு வந்த வேகத்தில் விலகி, வாயைக் கழுவிவிட்டதுபோல் சுத்தமாக விட்டுச் செல்வதுதான். ருசிபார்ப்போர் 'பிரிஸ்க்' என்று சொல்வது இதைத்தான். துவர்ப்பு பின்னாக்கில் தங்கிக் கரகரத்தால் அது 'ஹார்ஷ்'. துவர்ப்பே இல்லாமல் தட்டையாக இருந்தால் 'பிளெய்ன்'. பழைய சரக்கின் ஈர மங்கல், அதிக நெருப்புப் பட்ட வறுகல், மழைக்கால இலையின் சோர்வு ஒவ்வொன்றுக்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார்கள். எல்லாம் ஆங்கிலம். கொழுந்து எடுத்த வாய்கள் பேசும் மொழியில் இந்த அகராதி இன்னும் எழுதப்படவில்லை. எழுதப்பட வேண்டும்.

கோப்பை ஆறும்போது இன்னொரு அடையாளமும் கிடைக்கும். நல்ல சத்துள்ள சாயம் குளிர்ந்ததும் மேகம்போல் கலங்கும். கெட்டுப்போய்விட்டதென்று கொட்டிவிடுபவர்கள் உண்டு. கஃபீனும் பாலிஃபினோல்களும் கைகோத்துத் திரள்வதால் வரும் கலக்கம் அது. தேயிலைக்குள் சரக்கு இருக்கிறது என்பதற்கான சாட்சி.

ருசி பார்த்த தேயிலை ஏலத்துக்குப் போகிறது. கொழும்பின் முதல் தேயிலை ஏலம் 1883 ஜூலை 30 அன்று நடந்தது. ஸ்கொட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை நட்டது 1867இல். இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழித்தபின், இரண்டு தலைமுறைக்குள் இந்த மலைகள் முழுவதும் பச்சையாக மாறின. மாற்றியவர்கள் தென்னிந்தியாவிலிருந்து வந்த தமிழர்கள். இன்று ஏலம் இணையத்தில் நடக்கிறது. 2020 ஏப்ரலில், கொவிட் முடக்கத்தின் நடுவே, நூற்றாண்டு கடந்த கூச்சல் ஏலம் ஒரே வாரத்தில் கணினித் திரைக்கு மாறியது. ருசி மட்டும் கணினிக்கு மாறவில்லை. மாதிரிப் பொட்டலங்கள் இன்னும் வாங்குவோர் அறைகளுக்குப் போகின்றன. இன்னும் அங்கே மனிதர்கள் உறிஞ்சித் துப்புகிறார்கள்.

ஏலத்துக்குப் பின் நடப்பதில்தான் மனம் நோகிறது. ஒரு தோட்டத்தின் ஜனவரி இலை, அதன் பெயரோடு சுத்தியல் விழும்வரை வந்து, அதன் பிறகு எத்தனையோ நாட்டுத் தேயிலைகளோடு கலந்து ஒரு கம்பனியின் பெட்டிக்குள் மறைந்துவிடுகிறது. கலப்பதைக் குற்றம் என்று சொல்வதற்கில்லை. ஆண்டு முழுதும் ஒரே ருசி தருவது பெரிய திறமை. தோமஸ் லிப்டன் ஊருக்கு ஊர் தண்ணீர் மாறுவதைப் பார்த்து, அந்தந்த ஊருக்கு ஏற்ற கலவை செய்து விற்றார். ஆனால் கலவைக்குள் போன நோர்வூட்டுக்கு என்ன மிச்சம்? மெரில் ஜே. பெர்னாண்டோ இதே கேள்வியைக் கேட்டுத்தான் 1980களில் டில்மா என்ற பெயரில், கலப்பில்லாத இலங்கைத் தேயிலையை அவுஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோனார். பிறந்த நாட்டிலேயே பொதி கட்டி, உற்பத்தி செய்தவர் பெயரில் விற்பது அன்று துணிச்சலான காரியம். இன்று சில தோட்டங்கள் தங்கள் பெயரிலேயே பொதி போடுகின்றன. நோர்வூட், காசல்ரீ, சமர்வில், டன்கெல்ட், தியென்சின் என்ற ஐந்து பழைய துரை பங்களாக்கள் விருந்தினர் விடுதிகளாக, தேயிலையை அனுபவிக்க வரும் வெளிநாட்டாரை உபசரிக்கின்றன. துரைமார் பங்களாவில் ருசி விளக்கப்படுகிறது. பங்களாவுக்குக் கீழேயுள்ள லயத்தில்?

லயத்தின் கேத்தலில் கொதிப்பது பெரும்பாலும் தூள். நல்ல ரகம் ஏலத்துக்குப் போனபின் மிஞ்சும் மலிவு ரகங்களே வீட்டுக்கு வருகின்றன. கறுப்பாகும்வரை கொதிக்கவைத்து, சீனியை அள்ளிப்போட்டு, அல்லது ஒரு துண்டு கருப்பட்டியைக் கடித்துக்கொண்டு குடித்துவிட்டு மலைக்கு ஏறுவது தலைமுறைப் பழக்கம். குளிரில் பசியோடு வேலைக்குப் போகிறவருக்கு அந்தச் சூடும் இனிப்பும் தேவை. அதைக் குறைசொல்ல எவருக்கும் வாய் இல்லை. நாடே குறித்துக்கொள்ள வேண்டிய விஷயம் வேறு. இரண்டு இலையும் ஒரு மொட்டுமாக நுனியைக் கிள்ளும் விரல்களே இந்த ருசியின் முதல் எழுத்தாளர்கள். முற்றிய இலை கூடைக்குள் விழுந்தால் உலகின் சிறந்த டீமேக்கராலும் அதைத் திம்புள்ளயாக்க முடியாது.

அந்த விரல்களை இன்று தராசு விரட்டுகிறது. நாட்சம்பளம் கிலோக் கணக்கோடு கட்டப்பட்டிருக்கும்போது நுனியைத் தேர்ந்து கிள்ள நேரம் ஏது? 2021 மார்ச்சில் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் என்று வர்த்தமானி வந்ததும், அதற்கு முன் ஆண்டுக்கணக்கில் நடந்த போராட்டமும் மலையகத்தில் எல்லோருக்கும் தெரியும். இளையவர்கள் கொழும்புக்கு இறங்கிவிட, இருக்கிற கைகள் குறைந்து, கொழுந்தெடுக்கும் சுற்றுக்கு இடையிலான நாட்கள் நீள்கின்றன. நீண்டால் இலை முற்றுகிறது. சம்பளத்தையும் ருசியையும் தனித்தனிப் பிரச்சினையாகப் பார்க்கும் வரை இரண்டும் தீராது.

மேலிடத்து முடிவுகளும் கோப்பையில் தெரியும். 2015இல் கிளைபோசேட் களைநாசினி தடைசெய்யப்பட்டபோது சில தோட்டங்கள் வேறு நாசினிக்கு மாறின. அதன் எச்சம் தேயிலையில் இருப்பதாக 2018இல் ஜப்பானியக் கொள்வனவாளர்களிடமிருந்து முறைப்பாடு வந்தது. 2021இல் இரசாயன உரத்தை ஒரே அடியாக நிறுத்தியதன் விளைவு இன்னும் பெரியது. அந்த ஆண்டு ஏறத்தாழ 300 மில்லியன் கிலோவாக இருந்த நாட்டின் தேயிலை உற்பத்தி, அடுத்த ஆண்டு ஏறத்தாழ 250 மில்லியனுக்கு விழுந்தது. நுணுக்கமாக ருசி பார்க்கும் வாடிக்கையாளர் இருப்பது நமக்குத் தொல்லையும் காப்பும் ஆகும். கிரின் நிறுவனமே 2013 முதல், இலங்கைத் தோட்டங்கள் ரெயின்ஃபாரஸ்ட் அலையன்ஸ் சான்றிதழ் பெறுவதற்கான பயிற்சிக்குச் செலவு செய்துவருகிறது. இலையின் ருசி தங்கள் போத்தலுக்கு வேண்டும் என்பதால், அந்த மலை கெடக்கூடாது என்ற அக்கறையும் அவர்களுக்கு வருகிறது.

இதையெல்லாம் வீட்டில் ருசித்துப் பார்க்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். உள்ளே வெள்ளையான கோப்பை, கடிகாரம், மூக்கு. 'பிஓபி' எனும் உடைந்த இலைத் தேயிலை, தட்டையாக வழித்த ஒரு தேக்கரண்டி ஏறத்தாழ 2 கிராம் வரும். புதிதாகப் பிடித்த தண்ணீரைக் கொதிக்கவைத்து, கொதி அடங்கும் முன் ஊற்ற வேண்டும். குடிப்பதற்கு மூன்று நிமிடம் போதும். தேயிலையைச் சோதிப்பதானால் ஆறு. மூடி வைப்பது முக்கியம், இல்லாவிட்டால் வாசம் அறைக்குப் போய்விடும். சீனியும் பாலும் முதல் கோப்பையில் வேண்டாம். பாலின் புரதம் துவர்ப்பை அணைத்துக்கொள்வதால் திம்புள்ளயின் சுறுக்கு முழுவதும் மறைந்துவிடும். இரண்டாம் கோப்பையில் சில துளி பால் விட்டுப் பாருங்கள். மங்கிய தேயிலை சாம்பல் நிறமாகும். நல்லது பொன்னிறத்துக்குத் திரும்பும்.

தண்ணீரை மறந்துவிடக் கூடாது. மலையகத்து ஊற்று நீர் மென்மையானது, அதில் தேயிலை தன் நிறத்தைத் தயங்காமல் காட்டும். அதே பொட்டலம் யாழ்ப்பாணத்தின் சுண்ணாம்புக் கல் கிணற்று நீரில் கருமையாகி, மேலே ஓர் ஏடு படியும். யாழ்ப்பாணத்தவர் தேயிலையில் குறை காணும் முன் வடிகட்டிய நீரில் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நியாயம். சென்னையில் ஆழ்துளைக் கிணற்று நீர் பாவிப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

ஒரு கோப்பையை மட்டும் வைத்துக்கொண்டு ருசி பழகுவது கடினம். ஒப்பிடும்போதுதான் நாக்கு விழிக்கிறது. நான்கு பிரதேசத்துத் தேயிலையை ஒரே நேரத்தில் ஊறவைத்தால் பாதி பாடம் முடிந்துவிடும். நுவரெலியா வெளிறிய பொன்னிறம், பூவின் வாசம், காற்றைப்போல் லேசு. ஊவாவின் தரப்பருவ இலையில் தைலம் தேய்த்ததுபோன்ற ஒரு குளிர்ச்சி எழும். வலித் தைலத்தில் இருக்கும் அதே மெதில் சாலிசிலேட் அந்த இலையிலும் இயற்கையாகவே உண்டு. தாழ்நிலத்து ருகுணு கருத்து, கனத்து, சற்றே இனிக்கும். மத்திய கிழக்கில் அதற்குத்தான் கிராக்கி. இவற்றின் நடுவே செம்பொன் நிறத்தில் திம்புள்ள. மல்லிகையும் மரப்பிசினும் போன்ற வாசம், சட்டென்று வந்து சட்டென்று விலகும் துவர்ப்பு, வாயில் மிஞ்சும் ஒரு தூய்மை. வீட்டில் உள்ளவர்களுக்குப் பெயர் சொல்லாமல் நான்கையும் கொடுத்து எது எது என்று கேட்கலாம். பிள்ளைகள் பெரியவர்களைவிட விரைவில் பிடித்துக்கொள்வார்கள்.

கடையில் பொதியைத் திருப்பிப் பார்ப்பது ஒரு நல்ல பழக்கம். இலங்கைத் தேயிலைச் சபையின் வாளேந்திய சிங்க இலச்சினை இருந்தால் அது இலங்கையிலேயே பொதி கட்டிய கலப்பற்ற இலங்கைத் தேயிலை. 'பிஓபி', 'பிஓபிஎஃப்', 'பெக்கோ' என்பவை சல்லடையின் அளவுகள். இலைத்துண்டு பெரிதா சிறிதா என்பதைத்தான் அவை சொல்லும், தரத்தைச் சொல்ல மாட்டா. திம்புள்ளயின் சுறுக்கு வேண்டுமென்றால் 'பிஓபி'யே தோது. சாயமும் இறங்கும், வாசமும் நிற்கும். பிரதேசத்தின் பெயர் எழுதியிருந்தால் நல்லது. தோட்டத்தின் பெயரும் இருந்தால் இன்னும் நல்லது. தரப்பருவத்து இலை ஏலம் கடந்து கடைக்கு வரச் சில வாரங்கள் ஆகும் என்பதால் மார்ச்சிலிருந்து தேடத் தொடங்கலாம். ஈரமும் வெளிச்சமும் மசாலா வாசமும் படாத டின்னில் அடைத்து வைத்தால் அதன் வாசம் அடுத்த மழைக்காலம்வரை தாங்கும்.

தோட்டத் தொழிற்சாலைகளுக்கு ஒரு வேண்டுகோளும் வைக்கலாம். ருசி மேசை ஏற்கெனவே அங்கே இருக்கிறது. குவளைகளும் இருக்கின்றன. தரப்பருவத்தில் மாதம் ஒரு காலை, அந்தக் கொழுந்தை எடுத்த பெண்களை மேசைக்கு அழைத்து, அவர்கள் நின்ற மலையின் சாயத்தையும் பக்கத்து மலையின் சாயத்தையும் அருகருகே ஊற்றிக் கொடுக்க எந்தப் புதிய செலவும் இல்லை. முற்றிய இலை விழுந்த நாளின் கோப்பையும், நுனி மட்டும் கிள்ளிய நாளின் கோப்பையும் எப்படி வேறுபடுகின்றன என்று அவர்கள் வாயாலேயே சொல்லட்டும். தரம் பற்றிக் கங்காணி, வேலைக்கு ஆள் பிரிக்கும் பிரட்டுக்களத்தில் ஆண்டு முழுதும் சொல்வதைவிட அந்த இரண்டு கோப்பைகள் அதிகம் சொல்லும். அந்தப் பெண்கள் அப்போது சொல்லும் சொற்களை யாராவது பக்கத்தில் இருந்து எழுதிக்கொள்ள வேண்டும்.